பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவே

ஹவுஸ் சர்ஜன் காலம் முடிகிற சமயத்தில் ஆண்டுதோறும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "சார், பி.டி.எஸ். முடிச்சிட்டேன். கொஞ்ச நாள் உங்க கிளினிக்ல வந்து அப்சர்வ் பண்ணலாமா?" பெரும்பாலும் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள். சொந்தமாகக் கிளினிக் போடும் முன் ஒரு மருத்துவரின் பக்கத்தில் நின்று பார்த்துவிட நினைப்பவர்கள். சில சமயம் பிளஸ் டூ முடித்த பிள்ளையைத் தகப்பனாரே கூட்டிவருவார். "இந்தப் படிப்பு இவனுக்குப் பிடிக்குமான்னு அவனே பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும் டாக்டர்" என்பார். கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து தாத்தா வீட்டுக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு. அங்கே பல் மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பவர்கள், முன்கூட்டியே மருத்துவர்களின் அருகே மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன.

வருகிற எல்லோரிடமும் ஒரு படபடப்பு தெரியும். சாரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும். அதற்காகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வருவார்கள், இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு வருவார்கள். இரண்டுமே நல்லதுதான். ஆனால் நான் கவனிப்பது வேறொன்றை. சேரில் வாயைத் திறந்து படுத்திருக்கிறவருக்கு இந்தப் பிள்ளை அருகில் நிற்பது ஆறுதலாக இருக்கிறதா, தொந்தரவாக இருக்கிறதா என்பதை. என்னிடம் எடுக்கிற நல்ல பெயர் முழுக்க அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

உடனிருந்து கற்பது எங்கள் தொழிலின் மூத்த வழி. 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்குவதற்கு முன், தொழில் தெரிந்தவரின் பக்கத்தில் நின்று பழகுவதுதான் பொதுவான படிப்பு. பல் சொத்தைக் குழிகளை வகை பிரித்து, இன்றைக்கும் எங்கள் மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்கிற வரிசையைக் கொடுத்த ஜி.வி. பிளாக் (1836–1915) கூட, ஸ்பியர் என்ற பல் மருத்துவரிடம் உடனிருந்து தொழில் கற்றவர். நம் நாட்டில் டாக்டர் ஆர். அகமது 1920-இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாகப் பிறந்தது. கல்லூரிகள் வந்தபிறகு கைவேலையை அங்கேயே கற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் கல்லூரியில் பிள்ளைகள் கோட்டா முடிக்க ஓடுகிறவர்கள். இத்தனை ஃபில்லிங், இத்தனை பல் செட் என்று கணக்கு இருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். அந்த ஓட்டத்தில் நோயாளி ஒரு பல்லின் சொந்தக்காரராக மட்டும் தெரிய ஆரம்பித்துவிடுகிறார். கடையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர், அடுத்த முகூர்த்தத்தில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், போன தடவை வேறெங்கோ பட்ட வலியை நினைத்து ராத்திரியெல்லாம் தூங்காதவர் என்றெல்லாம் அவரைப் பார்க்கிற பழக்கம் சின்ன கிளினிக்கில் நின்றால்தான் வருகிறது.

முதலில் எங்கே நிற்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலரும் தடுமாறுவது அங்கேதான். படுத்திருக்கும் நோயாளியின் முகத்தைச் சுற்றிக் கடிகார எண்களைப் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். உச்சந்தலைக்குப் பின்னால் 12, மார்புப் பக்கம் 6. வலது கைப் பழக்கமுள்ள மருத்துவர் 7-இலிருந்து 12 வரை நகர்ந்து வேலை செய்வார். உதவியாளரின் இடம் 2-க்கும் 4-க்கும் நடுவே. 4-இலிருந்து 7 வரை, மோவாய்க்குக் கீழே, கருவிகள் கைமாறும் இடம். அங்கே யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. மிச்சமிருப்பது 12-க்கும் 2-க்கும் நடுவே, நோயாளியின் தலைக்குப் பின்னால் இருக்கிற சின்ன இடைவெளி. அந்த இடத்தில் நின்றால் வெளிச்சத்தை மறைக்காமல், யார் முழங்கையும் இடிக்காமல், வாய்க்குள் நடப்பதைப் பார்க்கலாம். ஒருவரும் சொல்லாமலே அந்த இடத்தில் போய் நிற்கிற பிள்ளையைப் பார்த்தால், படித்ததை உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்த இடத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. படுத்திருப்பவருக்கு அங்கே நிற்பவர் கண்ணில் படமாட்டார். முன்பின் தெரியாத ஒருவர் தலைக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பது யாருக்குப் பிடிக்கும்? அதனால் சேரைச் சாய்ப்பதற்கு முன்பே, நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே, பார்க்க வந்தவர் முன்னால் வந்து வணக்கம் சொல்லிப் பெயரைச் சொல்ல வேண்டும். "அம்மா, இவங்க பல் டாக்டருக்குப் படிச்சவங்க. பக்கத்துல நின்னு பார்க்கலாமா?" என்று நான் கேட்பேன். பெரும்பாலும் "அதுக்கென்னங்க, நல்லாப் பார்க்கட்டும்" என்பார்கள். ஒரு முறை வயதான அம்மா ஒருவர், பல் செட்டைக் கழற்றிய வாயோடு ஓர் இளைஞன் தன்னைப் பார்ப்பதை விரும்பவில்லை. "வேணாங்கய்யா" என்றார். அந்தப் பையன் முகம் கொஞ்சமும் மாறாமல், "சரிங்க பாட்டி, நான் உள்ளே இருக்கேன்" என்று பின்னறைக்குப் போனான். வேலை முடிந்து அவர் கிளம்பும்போது வெளியே வந்து படி இறங்கக் கை கொடுத்தான். அடுத்த தடவை அந்தப் பாட்டியே "அந்தத் தம்பி எங்க?" என்று கேட்டார்.

நம்மிடம் வருகிறவர்கள் முகத்தைப் படிக்கிறவர்கள். மாஸ்க் போட்டபின் முகத்தில் மிஞ்சுவது கண்கள் மட்டும்தான். வாய்க்குள் பார்க்கக் குனிகிறபோது படுத்திருப்பவர் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். சீழ் கோத்த பல்லைத் திறக்கும்போது நாற்றம் வரும். அப்போது புருவம் சுருங்கினால் போதும், அவர் கூசிப்போய்விடுவார். வாய்க்குள் எட்டிப் பார்த்து யாராவது "அடடா" என்றுவிட்டால் அந்த ஒரு சொல்லோடு அவர் வீட்டுக்குப் போய்ப் பல நாள் குழம்புவார். இதைப் புரியவைக்க முதல் நாளே நான் ஒன்று செய்வேன். வந்த பிள்ளையைச் சேரில் படுக்கவைத்து, விளக்கைப் போட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேலே நானும் உதவியாளர் அக்காவும் எங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். எழுந்தபிறகு அந்தப் பிள்ளை நோயாளியைப் பார்க்கிற பார்வையே மாறியிருக்கும்.

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிடும்கிறாங்களே டாக்டர்?" என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் வராத வாரம் கிடையாது. புதிதாகப் படித்து வந்தவர்களுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிடும். கேட்டவர் அதைக் கண்டுகொண்டால் அதோடு முடிந்தது, பிறகு எதையும் மனம்விட்டுக் கேட்கமாட்டார். மேல் பல்லுக்கு உணர்வு தருகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மேல் பல்லில் வலி வந்தால் கன்னம் கடந்து கண் வரைக்கும் தெறிக்கும் என்பது உண்மை. அந்த வலியைப் பட்டவர்கள் பல்லையும் கண்ணையும் முடிச்சுப் போட்டதில் என்ன வியப்பு? இதை நான் பொறுமையாகச் சொல்லும்போது, கூட நிற்கிறவரும் அதே அக்கறையோடு தலையாட்டினால் நோயாளிக்குப் பாதித் தைரியம் வந்துவிடும்.

என் மனதில் முதல் இடத்தில் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அவள் அதிகம் பேசமாட்டாள். சுவாமிமலைப் பக்கத்திலிருந்து விவசாயக் குடும்பத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். கீழ்க் கடவாய்ப் பல்லில் கடும் வலி, வேர் சிகிச்சை செய்தாக வேண்டும். சேரைச் சாய்க்கும் முன் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். "வலிச்சா இடது கையைத் தூக்குங்கம்மா, நிறுத்திடுறேன்." ஊசி போட்டுக் காத்திருந்து, உதடு மரத்துவிட்டதைச் சரிபார்த்து, வேலையைத் தொடங்கினேன். பல்லைக் குடையும் ஏரோட்டர் ஓடும்போது என் கண் கண்ணாடிக்குள் தெரியும் பல்லை விட்டு நகராது, அக்காவின் கண் சக்ஷனை விட்டு நகராது. அந்தப் பெண் மட்டும் என் தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். "சார், அம்மா கால் விரலை இறுக்குறாங்க."

நிறுத்தினேன். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "கொஞ்சம்தான், நீங்க செய்யுங்க" என்றார். டாக்டர் வேலை செய்யும்போது கையைத் தூக்கி நிறுத்துவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற தலைமுறை அது. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் கையைத் தூக்கவே மாட்டார்கள். அவர்கள் வலியைக் காலில்தான் பார்க்க வேண்டும், அல்லது சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கும் விரல்களில். மேலும் மருந்து கொடுத்து, நன்றாக மரத்தபின் தொடர்ந்தேன்.

எல்லோரும் போனபின் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "உதடு மரத்திருந்துச்சே சார், அப்புறம் ஏன் வலிச்சுது?" இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறேன். கீழ்த்தாடையில் உள்ளே ஓடும் நரம்பின் நுழைவாயில் அருகே 2 சதவிகித லிக்னோகெயினை 1:80,000 அட்ரினலினோடு போட்டால் பாதி உதடு மரத்துவிடும். ஆனால் பல்லின் உள்சதை கடுமையாக அழன்றிருக்கும்போது, அதே ஊசி பல்லுக்குள் முழுதாக வேலை செய்யாமல் போவது உண்டு. அழற்சி உள்ள இடத்தில் அமிலத் தன்மை கூடியிருப்பதால் மருந்து நரம்புக்குள் நுழையச் சிரமப்படுகிறது என்பது ஒரு விளக்கம். அழன்ற நரம்பே சின்னத் தூண்டலுக்கும் துடிக்கும்படி மாறிவிடுகிறது என்பது இன்னொன்று. இந்த மாதிரிப் பல்லை நாங்கள் 'ஹாட் டூத்' என்போம். உதடு மரத்தது என்பதை வைத்துப் பல் மரத்தது என்று முடிவு கட்டக் கூடாது. இதையெல்லாம் அவள் எழுதிக்கொண்டாள். அன்று காலில் பார்த்த ஒன்றுக்கு அன்றைக்கே காரணம் கிடைத்ததால் அது அவளை விட்டு இனிப் போகாது.

கேள்விக்கு நேரம் இருக்கிறது. வாய் திறந்திருக்கும்போது கேட்கக் கூடாது. "சார், இங்க பெர்ஃபரேஷன் ஆயிடாதா?" என்று தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டால் படுத்திருப்பவருக்குச் சொல் புரியாது, பயம் புரியும். கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டு சாயங்காலம் கேட்கலாம். வெறும் நோட்டும் போதாது, பேச்சைப் பின்தொடரக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். நான் "36" என்றால் கீழ் இடப்பக்கத்து முதல் கடவாய்ப் பல் என்று கண் உடனே அங்கே போக வேண்டும். வேர் சிகிச்சை ஃபைல்களில் 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. இது தெரிந்தவருக்கு என் கை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்தே விளங்கும். முந்தின நாள் மாலை அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் பார்த்து நாளைக்கு என்னென்ன வேலை என்று படித்துவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம் கேட்கிற கேள்வியே வேறு தரத்தில் இருக்கும்.

பின்னறைக்கு வருகிறேன். என்னோடு கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற அக்கா ஆளும் இடம் அது. வந்த பிள்ளை எப்படி என்று நான் முதலில் கேட்பது அவரைத்தான். மருத்துவர் பட்டம் வாங்கியாகிவிட்டது, உதவியாளரிடம் என்ன கற்பது என்று நினைக்கிறவர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. கருவிகளை ஊறவைத்து, ரத்தம் காயும் முன் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பையில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில், 15 பவுண்டு அழுத்தத்தில், குறித்த நேரம் முழுவதும் வைத்து எடுத்து, பையின் மேல் உள்ள கோடு நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார் அக்கா. இடத்தை மிச்சப்படுத்தப் பைகளைத் திணித்துவிட்டால் நீராவி எல்லாவற்றையும் எட்டாது. இதில் எங்காவது ஓட்டை விழுந்தால் என் கைத்திறமைக்கு அர்த்தமே இல்லை. நாளைக்குச் சொந்தக் கிளினிக் போடப்போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் எதைத் தெரிந்துகொள்வது? "அக்கா, நான் நின்னு பார்க்கலாமா?" என்று கேட்கிற பிள்ளைக்கு அவர் எல்லாம் சொல்லித்தருவார். கூர்முனைக் கருவிகளையும் ஊசிகளையும் மட்டும் தொடவிடமாட்டார். அது என் கண்டிப்பான உத்தரவும்கூட. கல்லூரியிலேயே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டவர்களைத்தான் சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் கல்லூரிக்கே போகாத பிள்ளை என்றால் முதல் தவணை, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது என்று போட்டு முடித்துவிட்டு வரட்டும்.

அக்கா செய்கிற இந்த வேலைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் 1885-இல் தன் கிளினிக்கில் ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்தினார். உதவிக்கு ஒரு பெண் இருக்கிறார் என்று தெரிந்தபின் ஆண் துணையில்லாமலே பெண்கள் சிகிச்சைக்கு வர முடிந்தது. எங்கள் தொழிலில் உதவியாளர் என்ற பொறுப்பு அப்படித்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். கெல்ஸை நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1896-இலேயே பற்களை எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கியவர் அவர். கதிரின் ஆபத்து தெரியாத காலம், தன் கையையே மீண்டும் மீண்டும் அதன் முன்னால் காட்டினார். புற்றுநோய் வந்து விரல்களையும் பிறகு கையையும் இழந்து 1928-இல் இறந்தார். எக்ஸ்ரே எடுக்கப் பயப்படுகிற சின்னப் பிள்ளை வந்தால், பார்க்க வந்தவர்களில் நல்ல மனசுக்காரர் யாராவது "நான் ஃபிலிமைப் பிடிச்சுக்கிறேன் சார்" என்று முன்வருவார். அந்த மனசு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. குறைந்தது ஆறடி தள்ளி, கதிர் போகும் திசைக்கு வெளியே நிற்க வேண்டும். அன்று சாயங்காலம் கெல்ஸின் கதையைச் சொல்லி அனுப்புவேன்.

கும்பகோணம் வெற்றிலைக்குப் பேர்போன ஊர். பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லுகிறவர்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். ஒரு பெரியவர் வாயில் மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றரை விரல்கூட நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளிறி நார்போல இறுகியிருந்தது. பல்லில் கறை அப்பியிருந்தது. "புகையிலை போடுவீங்களா அய்யா?" என்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற மகனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு "இல்லீங்களே" என்றார். அன்று பார்க்க வந்திருந்த இளைஞன் ஒன்றுமே பேசவில்லை. மகனிடம் போய், "அண்ணே, அட்ரஸ் கொஞ்சம் எழுதித்தர்றீங்களா?" என்று முன்னறைக்குக் கூட்டிப்போய்விட்டான். கதவு மூடியதும் பெரியவர் தானாகவே சொன்னார். இருபது வயதிலிருந்து பாக்கு, பத்து வருடமாக ராத்திரியெல்லாம் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூக்கம். பாக்கினால் வாய் இப்படி இறுகிப்போகும் நிலை புற்றுநோயாக மாறக்கூடியது. அன்றே தஞ்சாவூருக்குச் சதைப் பரிசோதனைக்கு அனுப்ப முடிந்தது அந்த ஐந்து நிமிடத் தனிமையால்தான். அந்தப் பையன் கல்லூரியில் எந்த இடத்தில் தேறினான் என்று நான் கேட்டதே இல்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், முன்பக்கம் மூடிய செருப்பு, வாசனைத் திரவியம் வேண்டாம். போனை அக்காவின் மேஜையில் வைத்துவிட வேண்டும், நோயாளியின் வாயைப் படம் எடுப்பது நானும் அவரைக் கேட்காமல் செய்யாத காரியம். காலையில் கட்டாயம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். முதல் தடவை பல் எடுப்பதைப் பார்க்கும்போது தலை சுற்றுவது சகஜம். கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள் என்று சொல்லிவைப்பேன். உட்கார்ந்தவர்களைப் பற்றி எனக்குக் குறைவான எண்ணம் வந்ததே கிடையாது.

கடைசியில் ஒரு கடிதம் கேட்பார்கள். ஆர்வமுள்ளவர், ஒழுக்கமுள்ளவர் என்றெல்லாம் நான் எழுதுவதில்லை. அப்படி எழுதிய கடிதம் யாருக்கும் பொருந்தும். கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுவேன். கால் விரலைக் கவனித்ததை எழுதினேன், மகனை முன்னறைக்கு அழைத்துப்போனதை எழுதினேன். எழுத ஒன்றும் இல்லாதவரிடம், இன்னும் சில நாள் வந்து நில்லுங்கள், பிறகு தருகிறேன் என்பேன். அப்படி மறுபடி வந்து நின்றவர்கள் யாரும் கடிதம் இல்லாமல் போனதில்லை.

அடுத்த மாதம் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பி.டி.எஸ். முடித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர். இன்னொருவர் பிளஸ் டூ முடித்த பிள்ளை. அவருக்குத் தடுப்பூசியில் ஒரு தவணை பாக்கி இருக்கிறது. போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.